எட்டாம் நாளில் எடுத்த படம்

அயடீன் மருந்து குடிக்கப் போகிறவர்கள் இப்போது என் தையல் கடையைத் தேடி வருகிறார்கள். போன மாதம் திரியாயிலிருந்து ஓர் அம்மா மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். சட்டை தைக்க வந்தவர் போலத் துணிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, அந்த மருந்து குடிச்ச ஆள் நீங்கள் தானே?" என்று கேட்டார். ஆளுக்கு ஆள் வாயால் சொல்லும்போது ஒரு தடவை ஒன்று விட்டுப்போகிறது, மறு தடவை வேறொன்று கூடிப்போகிறது. அதனால்தான் எழுதி வைக்கிறேன். நான் டொக்டர் இல்லை, உடுப்புத் தைக்கிறவன். எனக்கு நடந்ததை எனக்கு விளங்கிய மட்டில் சொல்கிறேன்.

என் கடை திருகோணமலை நகரத்தில், துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது. வீடு கிண்ணியாவில். காலையில் மிதவைப் பாதை என்கிற படகில் ஏறித் துறையைக் கடந்து வருவேன், மாலையில் அப்படியே திரும்புவேன். துறைமுகத்து வேலையாட்களின் காக்கி உடுப்புகள்தான் எனக்கு வருஷம் முழுக்கச் சோறு போடுகிறவை. நோன்பு மாதம் வந்தால் பெருநாள் சட்டைகள் மலை மாதிரிக் குவியும். தைக்கக் கொடுத்தவர்கள் மறுநாளே வந்து நச்சரிப்பார்கள். அந்தத் தொல்லைக்காகவே ஒரு காட்போர்ட் மட்டையில் பெரிதாக எழுதிச் சுவரில் தொங்கவிட்டிருந்தேன்: "குறித்த தேதிக்கு முன் வந்து கேட்க வேண்டாம்." இந்த மட்டையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அது பிறகு வேலை காட்டியது.

அந்த வருஷம் பெருநாளுக்கு முந்தின நாள் எல்லோருடைய சட்டையையும் கொடுத்து முடித்துவிட்டு, கடைசியில் எனக்கென்று தைத்ததைப் போட்டுப் பார்த்தேன். கொலர் பட்டன் பூட்ட ஏலவில்லை. பன்னிரண்டு வருஷமாக என் கழுத்து பதினைந்து அங்குலம். அளவை மறந்து வெட்டிவிட்டேனோ என்று டேப்பை எடுத்துக் கொலரை அளந்தேன், சரியாகப் பதினைந்துதான். பிறகு கழுத்தை அளந்தேன். பதினைந்தரையைத் தாண்டி நின்றது.

வீட்டில் என் மனைவி ஹாஜறாவிடம், விடியுமுன் தின்கிற சஹர்ச் சோறு கூடிப்போய்விட்டது, கொழுத்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் என் இடுப்பைப் பார்த்தாள்.

"பெல்ட்டு அதே ஓட்டையிலதான் இரிக்கி. கழுத்து மட்டும் எப்பிடிக் கொழுக்கும்? பெருநாள் முடிஞ்ச கையோட டொக்டர்ட்டப் போங்க."

எத்தனையோ பேருடைய கழுத்தை அளந்தவன் நான். ஆனாலும் என் கழுத்தில் இருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள்.

நகரத்து ஆஸ்பத்திரியில் டொக்டர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, இரண்டு கையாலும் கழுத்தைத் தடவி, எச்சில் விழுங்கச் சொன்னார். விழுங்கும்போது ஒரு கட்டி ஏறி இறங்கியது. கண்டிக்குக் கடிதம் தந்தார். தம்பலகாமம், கந்தளாய் என்று பஸ் போகப் போக, ஹாஜறா ஜன்னலோரம் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கந்தளாய்க் குளம் தெரிந்த இடத்தில், "எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கி" என்று மெல்லச் சொன்னாள். கலியாணம் கட்டிப் பதினொரு வருஷம். எத்தனை நேர்ச்சை, எத்தனை டொக்டர். நான் சந்தோஷத்தில் அழுதேனா பயத்தில் அழுதேனா என்று எனக்கே தெரியாது. முன் சீட்டில் இருந்த மனிதர் திரும்பிப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் குமட்டுகிறதாக்கும் என்று நினைத்து ஒரு தேசிக்காயைத் தந்தார். வாங்கி முகர்ந்துகொண்டு வந்தேன்.

கண்டியில் கட்டியை வெட்டி எடுத்தார்கள். தைரொயிட் என்கிற சுரப்பி கழுத்தின் முன்பக்கம், கொலர் பட்டனுக்குச் சற்றுக் கீழே, துரைமார் கழுத்தில் 'போ' டை கட்டுகிற மாதிரி இரண்டு மடலாக இருக்கிறது. உடம்பின் சூட்டையும் வேகத்தையும் பார்த்துக்கொள்வது அதன் வேலை. வெட்டி எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு கிழமை கழித்துப் பெரிய டொக்டர் என்னை முன்னால் இருந்த கதிரையில் இருக்கச் சொன்னார். யாழ்ப்பாணத்து மனிதர், கதை மெதுவாக வரும்.

"இது புற்றுநோய்தான். ஆனா இந்த வகையை எங்களால பிடிச்சு நிப்பாட்ட ஏலும். பயப்பிடாதேங்கோ."

பயப்படாதே என்று சொல்லும்வரை நான் அவ்வளவாகப் பயப்படவில்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். தைரொயிட்டுக்கு அயடீன் என்றால் உயிர். உடம்பில் எங்கே அயடீன் கிடைத்தாலும் இழுத்து வைத்துக்கொள்ளும். நோய் பிடித்த துண்டுகளும் பெரும்பாலும் அதே குணத்தோடுதான் இருக்கும். ஆகவே கதிர்வீச்சு உள்ள அயடீனைக் குடிக்கக் கொடுத்தால், வெட்டியும் மிஞ்சியது எங்கே ஒளிந்திருந்தாலும் தானாகவே அதை இழுத்துக்கொள்ளும், இழுத்த அயடீனே அதை அழித்துவிடும். எங்கெங்கே இழுத்திருக்கிறது என்று வெளியிலிருந்து ஒரு இயந்திரத்தால் உடம்பு முழுவதையும் பார்த்துப் படம் எடுப்பார்கள். கழுத்தில் மட்டும் என்றால் நல்லது. நெஞ்சிலோ எலும்பிலோ தெரிந்தால் நோய் அங்கேயும் போய்விட்டது என்று அர்த்தம்.

"படம் எப்ப எடுப்பீங்க, டொக்டர்?"

"மருந்து குடிச்சு எட்டாம் நாள்."

"ஏன் அவ்வளவு நாள்?"

"முதல் நாட்களில மருந்து உடம்பு முழுக்கப் பரவிக் கிடக்கும். வாய், வயிறு, சலப்பை எல்லாம் கறுப்பாத் தெரியும். சலத்திலயும் எச்சிலிலயும் வியர்வையிலயும் வெளிய போகப் போகத்தான், போகாம நிக்கிறது எதெண்டு விளங்கும்."

எனக்கு அது உடனே விளங்கியது. நனைந்த துணியில் கறை எங்கே என்று பார்த்தால் தெரியாது, முழுத் துணியும் ஒரே நிறமாக இருக்கும். காய்ந்த பிறகுதான் கறை தானாக வந்து நிற்கும். இதை டொக்டரிடமும் சொன்னேன். "அதேதான்" என்று சிரித்தார். விளங்கியது என்பது வேறு, அதன்படி நடப்பது வேறு என்பதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

மருந்துக்கு முன் சில கிழமைகள், வெட்டிய சுரப்பிக்குப் பதிலாக நான் தினமும் போட்டுவந்த தைரொயிட் குளிசையை நிறுத்தினார்கள். மிஞ்சின துண்டுகள் அயடீனுக்கு ஏங்கிக் கிடக்க வேண்டுமாம். அந்த நாட்கள்தான் உடம்புக்குப் பொல்லாத நாட்கள். திருகோணமலை வெயிலில் நான் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு நடுங்கினேன். இயந்திரத்தை மிதிக்கக் கால் வராது. கடல் மீன், கருவாடு, இறால் எதுவும் கூடாது, அவற்றிலும் அயடீன் இருக்கிறது. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் எங்களூரில் கையில் வேறு எதைக் கொண்டு வருவார்கள்? பாரையும் விளைமீனுமாக வந்து குவிந்தன. ஹாஜறா எல்லோருக்கும் துஆச் செய்து வாங்கி, அயல் வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தாள். அவளுடைய தம்பி கபூர், துறைமுகத்தில் பாரம் தூக்குகிறவன், லொறியில் வருகிற கூட்டாளிகளிடம் சொல்லிக் கந்தளாயிலிருந்து குளத்து மீன் எடுப்பித்தான். "கடலுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு குளத்து மீன் தின்ற ஒரே ஆள் நம்மட மச்சான்தான்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். ஒரு நாளும் மீன் தவறியதில்லை.

புறப்படும்போது ஹாஜறாவுக்கு எட்டு மாதம். மருந்து குடித்தவன் பிள்ளைத்தாய்ச்சியின் கிட்டவும் போகக்கூடாது என்பதால் கபூர்தான் கூட வந்தான். பழைய சாரன்களும் பனியன்களும் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள், போட்டது திரும்பி வராது. ஹாஜறா அவற்றோடு ஒரு புது லேஞ்சியையும் வைத்தாள். லேஞ்சி என்றால் பெரிய கைக்குட்டை, வெள்ளைத் துணியில் வெட்டி, நாலு பக்கமும் தன் கையால் மடித்துத் தைத்தது. என் தையலை விட அவளுடைய ஓரத் தையல் நேர்த்தி. இதை நான் வெளியில் ஒப்புக்கொள்வதில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கிண்ணியாவில் ஆம்பிளைகள் சாரன் கட்டினால், அந்த மடிப்பில் வலது பக்கம் ஒரு லேஞ்சியைச் செருகுவார்கள். தொழுகைக்கு ஒழு எடுத்து முகம் துடைக்க, வியர்வை துடைக்க, வாய் துடைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். லேஞ்சி இல்லாமல் துறையில் இறங்கினால் சட்டை போடாமல் இறங்கினது போல ஒரு கூச்சம்.

மருந்தைக் கனத்த ஈயப் பாத்திரத்துக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். பார்க்கப் பச்சைத் தண்ணீர், ருசியும் அதேதான். குழாயால் உறிஞ்சினேன். அவ்வளவு நேரம் தோளில் தட்டிக் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நான் விழுங்கினதும் கதவுக்கு வெளியே போய்விட்டார்கள். அந்த நிமிஷத்தில்தான் என் உடம்பு மற்றவர்களுக்கு ஆபத்தான பொருள் என்று மனதில் பட்டது.

தனி அறை. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார்கள். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், கக்கூசில் மூன்று தரம் தண்ணீர் ஊற்ற வேண்டும், தேசிக்காய்த் துண்டை அடிக்கடி வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். எச்சில் சுரப்பிகளிலும் மருந்து போய்த் தங்குமாம், புளிப்பு அதை வெளியேற்றும். நான் சொன்னபடி எல்லாம் செய்தேன். தேசிக்காயை உறிஞ்சினேன், லேஞ்சியால் வாயைத் துடைத்தேன். ஐந்து நேரமும் வாய் கொப்பளித்து ஒழு எடுத்தேன், லேஞ்சியால் முகத்தைத் துடைத்தேன், திரும்ப இடுப்பில் செருகினேன். சாரனும் பனியனும் மாற்றச் சொன்ன நாளில் மாற்றி, மூலையில் இருந்த வாளியில் போட்டேன். லேஞ்சியைப் போடவில்லை. துணி என்று சொன்னால் சாரன், பனியன். லேஞ்சியைப் போய் யார் துணிக் கணக்கில் சேர்ப்பார்கள்? குழாயில் அலசிக் கம்பியில் காயப்போட்டு மறுபடி செருகிக்கொண்டேன். அவள் தைத்தது அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

இரண்டாம் நாள் கபூர் ஜன்னலுக்கு வெளியே, தோட்டத்தில் தூரத்தில் நின்று சத்தம் போட்டான்.

"ராத்தாவுக்குக் கால் ரெண்டும் வீங்கியிருக்காம் மச்சான். ஊரிலேருந்து ஆள் வந்து செல்லிட்டுப் போச்சி. பயமில்லயாம். சும்மா உங்கட காதுல போட்டு வெக்கிறன்."

சும்மா காதில் போட்டது உள்ளே போய்க் குடைந்தது. ஹாஜறாவின் கிட்டப் போகாவிட்டாலும் ஊரிலாவது இருக்க வேண்டும் என்று துடித்தது மனம். மறுநாள் பெரிய டொக்டர் வாசலில் வந்து நின்றதும் கெஞ்சத் தொடங்கிவிட்டேன். படத்தை இன்றைக்கே எடுங்கள், நல்லதாக இருந்தால் என்னை அனுப்பிவிடுங்கள் என்றேன்.

"சில இடங்களில மூண்டாம் நாளே எடுக்கிறவைதான். ஆனா தெளிவாத் தெரியாது. தேவையில்லாத பயம்தான் மிஞ்சும்."

"பயம் இப்பவும்தான் இருக்குது, டொக்டர். எடுத்துப் பாருங்க."

அவர் அன்றைக்கே எடுக்கச் சம்மதித்தார். குறித்த தேதிக்கு முன் வந்து கேட்க வேண்டாம் என்று ஊருக்கெல்லாம் எழுதி வைத்தவன், முதல் தடவையாகத் தானே வரிசை தாண்டி வந்து கேட்டான்.

படம் எடுக்கிறவர் பியசேன மாத்தயா, சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா. கண்டிக்காரர், தமிழ் அளவாகப் பேசுவார். கட்டிலில் படுக்கவைத்து, "முதலாளி, இடுப்பில இரும்பு ஒண்ணும் இல்லத்தானே?" என்று கேட்டார். சாரனுக்கு மேல் கட்டியிருந்த பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தேன். மேலே ஒரு போர்வை போட்டார்கள். இயந்திரத்தின் தலை என் உடம்புக்கு மேலே இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று மெல்ல ஓடியது. பக்கத்தில் ஒரு தாளில் டக் டக்கென்று புள்ளி குத்திக்கொண்டே வந்தது. தையல் இயந்திரத்தின் சத்தம்தான் அப்படியே. எனக்கு அது பழகிய சத்தம் என்பதால் பாதியில் தூங்கிவிட்டேன்.

பின்னேரம் டொக்டர் படத்தோடு வந்தார். அவர் சொன்னபடியே வாயும் வயிறும் சலப்பையும் கறுப்பு. கழுத்தில் ஒரு கறுப்பு, அது எதிர்பார்த்தது. வலது இடுப்பில் இன்னொன்று.

"இது என்ன டொக்டர்?"

"இப்ப சொல்லேலாது. எட்டாம் நாள் திரும்ப எடுப்பம்."

"எலும்பா?"

அவர் படத்தைச் சுருட்டினார். "எலும்பெண்டா இன்னும் மருந்து குடிக்க வேணும். கனகாலம் எடுக்கும். இப்ப அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்."

யோசிக்க வேண்டாம் என்றால் மனம் கேட்குமா? பதினொரு வருஷம் கழித்து வருகிற பிள்ளை என்னை வாப்பா என்று கூப்பிடுகிற வயது வரைக்கும் நான் இருப்பேனா என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வேறு ஒன்றும் வேண்டாம். கட்டிலில் குந்திக்கொண்டு, யா அல்லாஹ், ஒரு ஐந்து வருஷம் தா என்று கேட்டேன். பிறகு ஐந்து போதாது என்று பத்துக் கேட்டேன். கேட்பதில் கஞ்சத்தனம் எதற்கு என்று பிறகு எண்ணிக்கை சொல்வதையே விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் வலது இடுப்பு வலிக்கத் தொடங்கியது. உள்ளே எலும்பைத் துருவுகிற வலி. நடந்தால் இழுத்தது. அன்று பின்னேரம் கபூர் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, "ஏன் மச்சான் நொண்டுறீங்க?" என்று கேட்டான். சொன்னேன். எந்நேரமும் பகிடி விடுகிற ஆள், தலையைப் பிடித்துக்கொண்டு பூவரச மரத்தடியில் போய் இருந்தான்.

"ராத்தாட்ட செல்லாத" என்றேன்.

"செல்ல மாட்டன். நீங்க நின்டு தொழாதீங்க, இருந்து தொழுங்க. நோகுற பக்கம் ஒண்டும் அழுத்தாமப் பாத்துக்கங்க."

அவன் சொன்னது சரி என்று பட்டது. அன்றிலிருந்து லேஞ்சியை வலது பக்கத்திலிருந்து எடுத்து இடது பக்கம் செருகிக்கொண்டேன்.

கபூர் ஊருக்குப் போகவில்லை. துறைமுகத்தில் நாட்கூலி போகும் என்று தெரிந்தும் பள்ளிவாசலில் படுத்துக்கொண்டு, தினமும் வந்து அந்த மரத்தடியில் இருந்தான். கதைக்க ஒன்றும் இல்லாத நேரம் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் பெயர்களைச் சொல்வான். பாதியை அவனே கட்டி விடுகிறான் என்று எனக்குத் தெரியும். அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எட்டாம் நாள் வந்தது. நொண்டிக்கொண்டே போய்ப் படுத்தேன். பியசேன மாத்தயா பெல்ட்டை வாங்கி வைத்தார். இந்தத் தடவை எனக்குத் தூக்கம் வரவில்லை. கழுத்துப் பக்கம் இயந்திரம் படபடவென்று குத்தியது. நெஞ்சைத் தாண்டும்போது அமைதியாக இருந்தது, எனக்கு மூச்சு வந்தது. இடுப்புக்கு வந்ததும் மறுபடி படபடவென்று தொடங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஹாஜறாவின் முகம் வந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

எழும்பி இருக்கச் சொன்னார்கள். பெரிய டொக்டரும் பியசேன மாத்தயாவும் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிங்களத்தில் ஏதோ வாக்குவாதப்பட்டார்கள். பிறகு டொக்டர் என்னிடம் வந்தார்.

"உங்களுக்கு எந்தப் பக்கம் நோகுது?"

"வலது பக்கம், டொக்டர். அஞ்சு நாளா."

"வலது பக்கத்தில இப்ப ஒண்டுமில்ல. இடதில இருக்கு."

நான் தாளைப் பார்த்தேன். படம் ஆளளவுக்கே இருந்தது, அதனால் எனக்கு வசதி. ஆள் உடம்பின் அளவு எனக்கு மனப்பாடம், என் உடம்பின் அளவு அதிலும் மனப்பாடம். தலையிலிருந்து நடுக்கோட்டைக் கண்ணால் இழுத்து, அங்கிருந்து அந்தக் கறுப்பு வரை சாணும் விரலுமாக அளந்தேன். பிறகு அதே அளவை என் வயிற்றில் வைத்துப் பார்த்தேன். விரல் இடுப்பு எலும்பையும் தாண்டி, உடம்பின் ஓரத்துக்கே வந்துவிட்டது. சாரன் மடிப்பு இருக்கிற இடம். விரலுக்குக் கீழே என்னவோ மெத்தென்று தட்டுப்பட்டது.

மெல்ல உருவி எடுத்தேன்.

"டொக்டர், இது என்ட லேஞ்சி."

பியசேன மாத்தயா ஒரு சின்னக் கருவியைக் கொண்டுவந்தார். கதிர்வீச்சு இருந்தால் கறகறவென்று சத்தம் போடுகிற கருவி. லேஞ்சிக்குக் கிட்டக் கொண்டுபோனார், அது காது கிழியக் கத்தியது. இடுப்புக்குக் கொண்டுபோனார், சத்தம் அடங்கியது. வாய் துடைத்த எச்சில், முகம் துடைத்த வியர்வை, கொப்பளித்த தண்ணீர், எட்டு நாள் மருந்தும் அதில்தான் ஊறிப்போயிருந்தது. குழாய்த் தண்ணீரில் அலசினதெல்லாம் அதற்குப் போதவில்லை.

"முதலாளி, நான் கேட்டதுதானே! இடுப்பில ஒண்ணும் இல்ல எண்டு நீங்கதானே சொன்னது?"

"நீங்க இரும்பு கேட்டீங்க மாத்தயா. இது துணி."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெரிய டொக்டர் சிரிக்கவில்லை. கதிரையில் இருந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் கேட்டிருக்க வேணும்," என்றார். "அஞ்சு நாள் உங்களை நித்திரை கொள்ள விடேல்ல." அவ்வளவு பெரிய மனிதர் ஒரு தையல்காரனிடம் அப்படிச் சொன்னதை நான் மறக்க மாட்டேன். அவசரப்பட்டுக் கேட்டது நான்தான், அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார் என்றேன்.

குளிக்கவைத்து, ஆஸ்பத்திரிச் சாரன் கட்டவைத்து, இடுப்புப் பக்கம் மட்டும் திரும்ப எடுத்தார்கள். இயந்திரம் சும்மா ஓடியது. ஒரு புள்ளி இரண்டு புள்ளி, அவ்வளவுதான். கழுத்தில் மட்டும் இருக்கிறது, அதை மருந்து பார்த்துக்கொள்ளும் என்றார் டொக்டர். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு எழும்பி அறைக்கு நடந்தேன். பாதி வழியில்தான் கவனித்தேன், நொண்டவில்லை. வலி எங்கே போனது என்று இன்றைக்கும் தெரியாது. கபூரிடம் சொன்னபோது அவன் பூவரச மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தான், பிறகு அழுதான். ஊருக்குப் போனதும் அந்த ஐந்து நாள் நொண்டலைத் துறையில் நடித்தே காட்டினான். அவனுக்கு நான் பட்ட நன்றிக்கடனை நினைத்துப் பொறுத்துக்கொண்டேன்.

லேஞ்சியை ஒரு தகரப் பேணியில் போட்டுப் பியசேன மாத்தயா தேதி எழுதி மூடினார். அந்த அயடீனின் வீரியம் எட்டு நாளைக்கு ஒரு தடவை பாதியாகக் குறையுமாம். அந்தப் பேணி எத்தனையோ எட்டு நாள் கிடக்க வேண்டும். இன்னொன்றையும் நினைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் படத்தில் ஒன்றும் தெரியாமல் என்னை அனுப்பியிருந்தால், அந்த லேஞ்சியையும் இடுப்பில் செருகிக்கொண்டு நேரே ஊருக்குத்தான் போயிருப்பேன். ஹாஜறா அதை எடுத்துத் துவைத்திருப்பாள். அந்த ஐந்து நாள் பயமும் எனக்கு வந்த அருள் என்றுதான் இப்போது எண்ணுகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சதமும் கேட்கவில்லை. ஆனாலும் வீடு வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. பிள்ளைத்தாய்ச்சியிடமிருந்தும் குழந்தைகளிடமிருந்தும் விலகி இருக்க டொக்டர் நாள் குறித்துத் தந்திருந்தார். நான் கடையில், வெட்டுகிற மேசையில் படுத்தேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கிண்ணியாவுக்குப் போய் முற்றத்தில் நிற்பேன், அவள் விறாந்தையில் கதிரை போட்டு இருப்பாள். இரண்டு யார், அதாவது ஆறடி, தூரம் போதும் என்றார்கள். நான் டேப்பால் அளந்து மூன்று யாரில் கோடு கீறினேன். அவள் வீங்கின காலை நீட்டிக்கொண்டு, "இன்னும் ஒரு அடி கிட்ட வந்தா என்னவாம்?" என்பாள். நான் சுவரில் மாட்டிய மட்டையை நினைத்துக்கொண்டு கோட்டிலேயே நிற்பேன். ஒரு நாள் கடையைத் திறந்தபோது அந்த மட்டையின் அடியில் கபூரின் கோணல் எழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது: "லேஞ்சியுடனும் வர வேண்டாம்." அதை நான் அழிக்கவில்லை, இன்னும் இருக்கிறது. என்னைத் தேடி வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன். படம் எடுக்கச் சொன்ன நாளில் எடுங்கள், முந்த வேண்டாம். படுக்கும்போது உடம்பில் ஒரு துண்டுத் துணியும் உங்களுடையதாக இருக்க வேண்டாம்.

பிள்ளை நகரத்து ஆஸ்பத்திரியில் பிறந்தாள். நான் விலகி இருக்க வேண்டிய நாள் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கபூர் அவளைத் துணியில் சுற்றி ஆஸ்பத்திரி நடைவழியின் அந்தப் பக்கத்தில் நின்று காட்டினான், நான் இந்தப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முகம் சரியாகத் தெரியவில்லை. தெரிந்தது என்று சொன்னேன்.

ஒன்பது நாளையும் நான் முழுதாக எண்ணினேன். பத்தாம் நாள் காலையில் கடையிலேயே குளித்து, புதுச் சாரன் கட்டி, முதல் மிதவைப் பாதையில் துறையைக் கடந்து, முற்றத்துக் கோட்டில் வந்து பழக்கத்தில் நின்றேன். ஹாஜறா விறாந்தையில் பிள்ளையோடு நின்றாள். நான் நகரவில்லை.

"ஏன் நிக்கிறீங்க? இண்டைக்கி எத்தினையாம் நாள்?"

"முடிஞ்சிட்டு."

அவள் படி இறங்கிக் கோட்டை மிதித்துக்கொண்டு வந்தாள். கடையிலிருந்து வந்த அவசரத்தில் டேப் என் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையால் அதை உருவிக் கீழே போட்டாள். அது தொங்கிய இடத்தில், என் கழுத்து வெட்டுத் தழும்பின் மேல், பிள்ளையின் தலையைச் சாய்த்து வைத்தாள்.